உண்டியும் உறையுளும்



உண்டி, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒருசேரச் சொல்வது நம் வழக்கம். இவற்றுள் உடையைப் பற்றி நான் இன்று பேசப்போவதில்லை. ஜவுளிக் கடையிலே துணியை விரித்துப் பார்க்கலாம். விரலால் தடவிப் பார்க்கலாம். வாசற்படிக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் சாயத்தைச் சோதிக்கலாம். மனத்துக்குப் பிடிக்காவிடில் மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். உண்டியும் உறையுளும் அவ்வாறு வாங்கக் கூடியவை அல்ல. ஓட்டலில் இலை போட்டு உட்கார்ந்த பின்னர்தான் சாம்பார் ஊசிப்போனதா என்பது தெரியும். வீட்டைப் பழுதுபார்க்கக் கொடுத்தாலோ, வேலை எடுத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு சென்று, ஒரு மழைக்காலமும் கழிந்த பிறகே அந்த வேலையின் தரம் தெரியும். பார்த்து வாங்கும் பொருள் ஒன்று. வாங்கிய பின் பார்க்கும் பொருள் மற்றொன்று. இந்த வேறுபாட்டைப் பற்றியே, புதுச்சேரியில் நான் பட்டறிந்தவற்றைக் கொண்டு சில சொல்ல விரும்புகிறேன்.

புதுச்சேரியை நேரில் காணாத மாணவர்களுக்கு ஒரு சொல். நகரின் நடுவே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே கடற்கரை வரையில் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த வீதிகள். மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாகத் தமிழர் வீடுகள் நிறைந்த வீதிகள். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் முதல் நாளில் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் முடிவுற்றது. வாய்க்கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனது உணவு அனுபவங்களும் அந்த வாய்க்காலின் இரு கரைகளிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

மேற்கே ஒரு குறுகிய வீதியில் ஒரு சிறு சாப்பாட்டுக் கடை இருந்தது. மணமாவதற்கு முன் பல ஆண்டுகள் அங்கேதான் எனக்கு இரு வேளையும் உணவு. ஒருநாள் இரசம் கெட்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. கை கழுவி, காசு கொடுத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் வேறிடம் சென்றேன். மூன்றாம் நாள் அவ்வழியே நடந்தபோது கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, “என்ன தம்பி, இரண்டு நாளாக ஆளைக் காணோமே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?” என்று வினவினார். இரசத்தைப் பற்றி மெல்லச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, சமையற்காரரையும் கூப்பிட்டு ஏசவில்லை. “அன்று நேற்றைய இரசத்தைக் கலந்துவிட்டான். நானும் அதைத்தான் சாப்பிட்டேன்” என்றார். மறுபடி அப்படி நடக்கவில்லை. அவருடைய நேர்மையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆயினும் ஒரு கணக்கையும் காண வேண்டும். நான் ஒருவன் வராவிட்டால் அவருக்கு மாதம் அறுபது சாப்பாடு குறையும். என் இரண்டு நாள் மௌனம், நான் எழுதியிருக்கக்கூடிய எந்தப் புகாரைக் காட்டிலும் அவரைத் தெளிவாக எட்டியது.

கிழக்குக் கரையில் நடந்தது வேறு. சென்னையிலிருந்து வந்த நண்பர் மூவருடன் ஒரு சனிக்கிழமை இரவு கடற்கரை அருகே ஓர் உணவகத்துக்குச் சென்றேன். மஞ்சள் சுவர், காகிதப் பூக்கொடி, பிரெஞ்சுப் பெயருடைய பண்டங்கள். மீன் ஆறியிருந்தது, ரொட்டி அன்றைக்குச் சுட்டதன்று. பில் வந்தது. உணவின் விலை 2,400 ரூபாய். அதன்கீழ் சேவைக் கட்டணம் பத்து விழுக்காடு, 240. இரண்டையும் கூட்டிய 2,640-இன்மேல் சரக்கு சேவை வரி ஐந்து விழுக்காடு, 132. ஆக மொத்தம் 2,772. மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். சேவைக் கட்டணம் இல்லையேல் வரி 120, மொத்தம் 2,520. வேறுபாடு 252. அதாவது, 240 ரூபாயை விரும்பாமல் கொடுப்பதோடு, அவ்வாறு கொடுப்பதற்காக 12 ரூபாய் வரியும் கொடுக்கிறோம்.

வரியும் சேவைக் கட்டணமும் ஒரே எழுத்தில் அடுத்தடுத்து அச்சாகி வருவதால் இரண்டும் அரசுக்குச் சேர்பவை என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். வரி அரசுக்கு உரியது. அந்த ஐந்தில் இரண்டரை மத்திய அரசுக்கும் இரண்டரை புதுச்சேரி அரசுக்கும் செல்லும். சேவைக் கட்டணம் கடைக்காரர் தாமாகச் சேர்த்துக்கொள்வது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், எந்த உணவகமும் இதைத் தானாகப் பில்லில் சேர்த்தலாகாது, வேறு பெயராலும் வாங்கலாகாது என்று நெறிமுறை வகுத்தது. உணவக உரிமையாளர் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றம் சென்று அம்மாதமே இடைக்காலத் தடை பெற்றன. 2025 மார்ச்சில் அந்நீதிமன்றம் நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. நான் கல்லாவுக்குச் சென்று இதைச் சொன்னேன். மேலாளர் வாதிடாமல் வேறு பில் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு விரைவில் கொடுத்ததைக் காண, கேட்பவர்க்கு ஒரு பில், கேளாதவர்க்கு ஒரு பில் என்பதே அங்கு வழக்கம் போலும் என்று தோன்றியது. பரிமாறிய இளைஞரின் கையில் நூறு ரூபாயைத் தனியே கொடுத்தபோது அவர், சேவைக் கட்டணத்தில் தமக்கு எவ்வளவு வரும் என்பதே தமக்குத் தெரியாது என்றார்.

இந்த வெற்றியைப் பெருமையாகச் சொல்லும் நான், ஒரு தோல்வியையும் மறைக்கக் கூடாது. முன்னொருமுறை வேறோர் உணவகத்தில், புட்டித் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினார்கள் என்று உரத்த குரலில் சண்டையிட்டேன். அக்கடைக்காரர் பொறுமையாக, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன், மெய்தான். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உணவகத்தில் அமர்ந்து அருந்துவது வெறும் பண்ட விற்பனை அன்று, இடமும் பணிவிடையும் சேர்ந்தது. ஆகவே அச்சிட்ட விலைக் கட்டுப்பாடு அங்கே பொருந்தாது என்று கூறியிருந்தது. தெரு முனைப் பெட்டிக் கடையில் அதே புட்டிக்கு ஒரு ரூபாய் மிகுதியாகக் கேட்டாலும் அது குற்றம். சட்டத்தைப் பாதி தெரிந்துகொண்டு சண்டைக்குப் போகிறவன், ஒன்றும் தெரியாதவனைக் காட்டிலும் அதிகமாக நாணப்பட நேரும்.

மேற்குக் கரைக் கடைக்காரர் நல்லவர், கிழக்குக் கரைக் கடைக்காரர் தீயவர் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பிலிப் நெல்சன் 1970-இல், தேடிப் பார்த்து அறியத்தக்க பொருள், நுகர்ந்த பின்னரே அறியத்தக்க பொருள் என இரு வகையைப் பிரித்துக் காட்டினார். அவ்வாண்டிலேயே ஜார்ஜ் அகர்லாப், பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்கொண்டு, விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல சரக்கே சந்தையை விட்டு விலகிவிடும் என்று எழுதினார். அதற்காக 2001-இல் நோபெல் பரிசும் பெற்றார். நுகர்ந்தபின் அறியும் பொருளில் வாங்குபவனுக்கு உள்ள ஒரே காப்பு, அவன் திரும்பி வருவான் என்பதே. மேற்குக் கடைக்கு நான் நாள்தோறும் திரும்பி வருபவன். கடற்கரை உணவகத்தில் சனிக்கிழமை மாலை அமர்ந்தவர்களுள் பெரும்பாலோர் ஞாயிறு இரவு பேருந்து ஏறிப் போய்விடுபவர்கள். அவர்களுக்கு இன்று ஆறிய மீனைக் கொடுத்தாலும், அடுத்த வாரம் வேறு ஐம்பது பேர் வருவார்கள். விதிவிலக்கும் உண்டு. நேரு வீதியில் நான் காப்பி குடித்துப் பழகிய இந்தியன் காப்பி ஹவுஸ், 1950-களின் பிற்பகுதியில் வேலையிழந்த ஊழியர்களைத் திரட்டி ஏ. கே. கோபாலன் முதலியோர் வளர்த்த கூட்டுறவு இயக்கத்தின் வழி வந்தது. யான் மார்ட்டெல் 2001-இல் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரைக் காட்சி அங்கேதான் நிகழ்கிறது. அதைப் படித்து வரும் வெளிநாட்டாருக்கும், அன்றாடம் வரும் குமாஸ்தாவுக்கும் அங்கே ஒரே காப்பிதான், ஒரே விலைதான்.

உணவில் ஏமாந்தால் ஒரு வேளை போயிற்று. வீட்டில் ஏமாந்தால்?

வாய்க்காலுக்கு மேற்கே என் தந்தை வழி வீடு ஒன்று இருக்கிறது. பழைய மச்சு வீடு. பொறியாளர்கள் மதராஸ் தளம் என்று அழைக்கும் மேற்கூரை. தேக்கு மரச் சட்டங்களின்மீது சன்னமான செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக நிறுத்தி வைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்துக் கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதித்து, மழைநீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுப்பார்கள். மூன்று தலைமுறை தாங்கிய அந்தத் தளத்தில் ஓரிடத்தில் கசிவு கண்டது. 2024 ஆகஸ்டில் மூவரிடம் மதிப்பீடு கேட்டேன். ஒருவர் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்றார். மற்றொருவர் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். மூன்றாமவர் ஒரு லட்சத்து முப்பத்தையாயிரம். பத்தே நாளில் முடித்துத் தருவதாகவும் சொன்னார். நான் யாரைத் தேர்ந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் இருவரும் ஏன் அதிகம் கேட்டார்கள் என்று அப்போது நான் வினவவில்லை. பழைய தட்டோட்டைப் பெயர்த்து, சுண்ணாம்புத் தளத்தை மீண்டும் இட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மூன்றாமவர் இருக்கும் தளத்தின்மேலேயே சிமெண்டுச் சாந்து பூசி, நீர்த்தடுப்பு மருந்து தடவிவிடுவதாகச் சொன்னார். மதிப்பீட்டை ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். அதில் தொகை இருந்தது. பூச்சு எத்தனை அங்குலம், சிமெண்டு எத்தனை மூட்டை, மணல் எத்தனை கனஅடி என்பவை இல்லை. அச்சாரமாக எழுபதினாயிரம் கொடுத்தேன். நான்காம் நாள் மேலும் ஐம்பதினாயிரம் கேட்டார்; கொடுத்தேன். அதன்பின் ஆட்கள் வருவது குறைந்தது. ஒருநாள் ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும், மறுநாள் யாருமில்லை. பூச்சு முடிந்ததும் இரண்டே நாள் தண்ணீர் தெளித்துவிட்டுச் சாரத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இங்கே விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு கலந்து வேதிமாற்றம் அடைந்தே இறுகுகிறது. ஆதலால்தான் இந்தியத் தர விதி, கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்டாயின் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டாயின் 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்கிறது. தளத்தின்மேல் மெல்லிதாகப் பூசிய சாந்து இன்னும் விரைவில் உலரும். செப்டம்பர் வெயிலில் இரண்டு நாள் ஈரம் கண்ட பூச்சு வெடிக்காமல் என்ன செய்யும்? சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று இறுகுவது; ஈரத்தை உள்ளே விடினும் வெளியே ஆவியாக விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால், வெடிப்பின் வழி இறங்கிய நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி மரத்தை அரிக்கும். என் பணத்தைக் கொடுத்து என் கூரைக்கு நான் போட்டுக்கொண்டது ஒரு மூடி.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கூடத்தில் என் அத்தை படுத்திருப்பார். எண்பத்து நான்கு வயது. மாலையிலேயே சொட்டத் தொடங்கியதால் என் மனைவி அவரை உள்ளறைக்கு மாற்றியிருந்தாள். நள்ளிரவுக்குப் பின் பெரும் ஓசை கேட்டது. விளக்கில்லை. கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, கூரையின் உட்பூச்சும் சில செங்கற்களும் பெயர்ந்து வெறுங் கட்டிலின்மேல் கிடந்தன. தலையணை இருந்த இடத்திலேயே ஒரு செங்கல். அத்தை எழுந்து வந்து பார்த்துவிட்டு, “இந்தக் கட்டிலை உங்கள் மாமா வாங்கியது” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நான் மிச்சம் பிடித்த ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபாய் எனக்கு அப்போது நினைவு வந்தது.

இப்படி அஞ்சியவர் நான் ஒருவனல்லன். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மேரி என்னும் நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை இந்நகரத்தார் கண்டிருக்கின்றனர். பின்னர் அதைப் பழைய வடிவிலேயே மீளக் கட்டி 2021-இல் திறந்தார்கள். ஊரின் நகராட்சி மன்றத்துக்கே நேர்ந்தது என்றால் என் கூடம் எம்மாத்திரம்?

வேலை எடுத்தவரைத் தேடினேன். தொலைபேசியை எடுக்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். கட்டியவன் பொறுப்பு மிகப் பழைய செய்தி. பாபிலோனிய மன்னன் அம்முராபியின் சட்டத்தில், வீடு இடிந்து உடையவன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. நம் ஊருக்கு அணுக்கமான சட்டம் ஒன்றும் உண்டு. 1804-இல் பிரான்சில் இயற்றப்பட்ட சிவில் சட்டத் தொகுதி 1819-இல் புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்தது. அதன் 1792-ஆம் பிரிவு, ஒப்பந்த விலைக்குக் கட்டிய கட்டடம் கட்டுமானக் குறையால் முழுதாகவோ பகுதியாகவோ அழிந்தால், மண்ணின் குறையேயாயினும், கட்டியவர் பத்து ஆண்டுகளுக்குப் பொறுப்பு என்றது. பத்து ஆண்டு! ஒப்பந்தம் பற்றிய இந்தியச் சட்டம் இங்கு வந்தபின் அந்தப் பிரிவு நமக்குத் துணையில்லை. மனை வணிகச் சட்டம் 2016, வீடு கட்டி விற்பவர் ஐந்து ஆண்டுகளுக்குள் காணும் கட்டுமானக் குறையைத் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது; ஆனால் அது திட்டமிட்டுக் கட்டி விற்பவருக்கு. நம் வீட்டு மாடியில் பூச்சு வேலை செய்பவரை அது எட்டாது.

நமக்கு உரியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986-இல் அது வந்தபோது சேவை என்ற சொல்லின் விளக்கத்தில் வீடு கட்டுதல் இல்லை; 1993-இல் சேர்த்தார்கள். அவ்வாண்டே உச்ச நீதிமன்றமும், வீடு கட்டித் தருவது சேவையே, அதில் குறை நேர்ந்தால் ஈடு கேட்கலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உறுதி செய்தது. இப்போது நடப்பில் உள்ளது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். கொடுத்த தொகை ஐம்பது லட்சம் வரையில் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முதலில் ஆலோசனையும் கேட்கலாம்.

இவ்வளவும் தெரிந்தபின் என்னிடம் இருந்த சான்றுகளைத் திரட்டினேன். ஐம்பதினாயிரம் வங்கி வழி சென்றிருந்தது. அதற்குப் பதிவு உண்டு. எழுபதினாயிரம் கையில் கொடுத்தது, சீட்டு இல்லை. நாட்காட்டித் தாளில் கையொப்பம் இல்லை. உணவகத்தில் 252 ரூபாய்க்கு அத்தனை சட்டம் பேசிய நான், எழுபதினாயிரத்துக்கு ஒரு ரசீது கேட்க வெட்கப்பட்டிருக்கிறேன்! முகத்துக்கு நேரே கேட்டால் அவர் என்ன நினைப்பாரோ என்பதே காரணம்.

பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவரே வந்தார். திண்ணையிலேயே உட்கார்ந்தார், உள்ளே வர மறுத்தார். ஒரே சமயத்தில் நான்கு வீடுகளை ஒப்புக்கொண்டதாகவும், ஒரு வீட்டுக்காரர் வேலை முடிந்தும் பணம் தராததால் ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாமற் போனதாகவும் சொன்னார். எழுபதினாயிரத்தை வாங்கவே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவர் அப்படிச் சொல்லவில்லை. “அந்த விலைக்கு அந்த வேலைதான் ஐயா வரும். நான் குறைத்துச் சொல்லாவிட்டால் நீங்கள் எனக்குக் கொடுத்திருக்க மாட்டீர்கள்” என்றார். அகர்லாப் பல பக்கங்களில் எழுதியது அவருக்கு இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. நாற்பதினாயிரத்தை இரு தவணையில் திருப்பித் தந்தார். நான் வழக்கைத் தொடரவில்லை. அது சரியா என்று என் மனைவி இன்னும் கேட்கிறாள்.

2025 ஏப்ரலில் வேறொரு பெரியவரைக் கண்டுபிடித்தேன். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் வைசியாள் வீதியின் திண்ணை வீடுகளைப் புதுப்பித்தபோது சுண்ணாம்பு வேலை செய்தவர். முதலில் அவர் செய்து முடித்த இரண்டு வீடுகளைப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர்களிடம் மழைக்காலத்தைப் பற்றி மட்டும் விசாரித்தேன். பிறகு இருவரும் அமர்ந்து இரண்டு பக்கம் எழுதினோம். எந்த வேலை, எந்தப் பொருள், எத்தனை கனம், எத்தனை நாள் அடித்து இறுக்குவது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எழுதி, இருவரும் கையொப்பமிட்டோம். பத்தில் ஒரு பங்கு கடைசியில்தான் என்று நான் சொன்னபோது, அவர் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். “அது நல்லது ஐயா. என் ஆட்களும் கடைசி நாள் வரை ஒழுங்காக வருவார்கள்” என்றார்.

ஜூன் மாதம் வேலை முடிந்தது. பெரியவர் மாடியில் நீர்போகும் குழாய்களைத் துணியால் அடைத்து, தளம் முழுதும் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் விட்டுவைத்தார். கீழே கூடத்தில் நானும் அத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டும் இல்லை. பிறகு துணியை எடுத்தார். நீர் முழுதும் ஓடிப் போய், வடகிழக்கு மூலையில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவு தேங்கி நின்றது. வாட்டம் அங்கே சற்றுக் குறைவு. நான் அதைக் கவனிக்கவில்லை, அவரே காட்டினார். அந்த இடத்துத் தட்டோடு நான்கைப் பெயர்த்து எடுத்து மறுபடி பதித்தார். மறுநாள் மாலை மீண்டும் ஒரு குடம் நீரை அந்த மூலையிலேயே கொட்டிப் பார்த்துவிட்டு, மீதிப் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ரசீதும் எழுதிக் கொடுத்துச் சென்றார்.